லோங்காங் ஓரப் பாதையில் கோடு போட்டால் போதுமா?

அம்மாவின் முழங்கை வீக்கம் வடிய மூன்று வாரம் பிடித்தது. அன்றைக்குக் காலை ஆறே முக்கால் இருக்கும். நல்ல இருட்டு. தமிழ்ப்பள்ளிக்கு முன்னால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமாகப் போகும் பாதையில் நானும் அம்மாவும் நடந்துகொண்டிருந்தோம். இனிப்பு நீருக்காக டாக்டர் சொன்ன நடை. பின்னாலிருந்து வந்த ஒரு சைக்கிளின் ஹேண்டல் அம்மாவின் கையில் இடித்தது. விளக்கும் இல்லை, பெல்லும் இல்லை. அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விழுந்தது ஓட்டி வந்தவர்தான். ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிற நேப்பாளித் தம்பி. எழுந்தவர் தன் முட்டியைக்கூடப் பார்க்கவில்லை. "சோரி மாக்சிக், சோரி மாக்சிக்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளியபடி வீடு வரைக்கும் கூட வந்தார். அன்று அவருக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மறுவாரம் அவரை வழியில் பார்த்தபோது அம்மாதான் கேட்டார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன மாதக் குடியிருப்பாளர் கூட்டத்தில் இந்தப் பாதையைப் பற்றிப் பேச்சு வந்ததும், "சைக்கிள்காரங்களுக்கு மரியாதை தெரியாது", "நடக்கிறவங்க பாதையையே வாங்கிட்ட மாதிரி நடக்குறாங்க" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அரைமணி நேரம் போனது. உள்ளாட்சி மன்றம் இந்த ஆண்டு பாதைக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கும் போலிருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டத்திலும் கட்சி கட்டி நின்றால் பணம் வேறு தாமானுக்கு, வேறு குடியிருப்புக்கு, போய்விடும். அதனால், கூட்டத்தில் வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்கிறேன். எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்களுக்காக. சிலாங்கூரில் கோல லங்காட் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றைப் போல நம் தோட்டமும் துண்டு துண்டாகப் போனதுதான். லயத்தில் இருந்தவர்கள் தாமானுக்கு வந்தோம். பள்ளியும் கோயிலும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. நடுவில் இருந்த செம்மண் சாலையில், ஒரு காலத்தில் பால்வாளி கட்டிய சைக்கிள்கள் ஸ்டோருக்குப் போன அதே சாலையில், தார் போட்டு "நடக்கவும் சைக்கிள் ஓட்டவும்" என்று ஒரு பலகை நட்டார்கள். ஒரு பக்கம் லோங்காங், மறுபக்கம் வேலி. போன சனிக்கிழமை டேப் வைத்து அளந்தேன். அகலமான இடத்தில் 2.4 மீட்டர். பள்ளி வளைவில் புல் ஏறி 2.1.

இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை பாதி இதிலிருந்துதான் வருகிறது.

கூட்டத்தில் அதிகம் கை தூக்கியது வெள்ளைக்கோட்டுக்கு. நடுவில் ஒரு கோடு, ஒரு பக்கம் ஆள் படம், மறுபக்கம் சைக்கிள் படம். மலிவு. ஒரே நாளில் முடியும். ஒய்.பி., நம் மக்கள் பிரதிநிதி, வந்து படம் எடுத்துக்கொள்ளலாம். எனக்கும் முதலில் இதுதான் சரி என்று பட்டது. டேப்பை வைத்த பிறகுதான் மனம் மாறியது. 2.4-ஐ இரண்டாகப் பிரித்தால் 1.2. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தாலே 1.2 மீட்டர் நிரம்பிவிடும். எதிரே ஒருவர் வந்தால் யாரோ ஒருவர் கோட்டைத் தாண்டியாக வேண்டும். சைக்கிள் பக்கமும் அதே கதை. ஓடும் சைக்கிளுக்கு, அதன் ஆட்டத்தையும் சேர்த்து, ஒரு மீட்டர் வேண்டும். எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று நடப்பவர் பக்கத்துக்குள் புகுந்தே தீரும். ஆக, ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தரப்பும் கோட்டை மீறித்தான் போகும்.

மீறுவதோடு நின்றாலும் பரவாயில்லை. கோடு விழுந்த பிறகு, "இது என் பக்கம்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கோடு இல்லாதபோது ஆளைக் கண்டால் பிரேக்கைத் தொடுகிறவர், கோடு வந்ததும் தன் பக்கம்தானே என்று மிதிப்பார். அந்த நேரத்தில்தான் பேரக்குழந்தை பந்தின் பின்னால் ஓடும். கோலாலம்பூரில் 2018-ல் நீலச் சாயம் பூசிச் சைக்கிள் பாதை போட்டார்களே, நினைவிருக்கிறதா? காரும் மோட்டாரும் அதில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்குச் சாயத்தின் பலம் தெரியும். இங்கிலாந்தில் கோடு போட்டுப் பிரிக்கும் இடத்தில், கண் தெரியாதவர்களுக்காக இரண்டு பக்கமும் வேறு வேறு வரிக்கல் பதிக்கிறார்கள்: நடப்பவர் பக்கம் குறுக்கு வரி, சைக்கிள் பக்கம் நெடுக்கு வரி. காலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். நம் பாதையில் வெறும் சாயம்தான் வரும். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் அதுவும் தெரியாது. அதே இங்கிலாந்தில் 2020-ல் வந்த அரசு வழிகாட்டி, ஆள் நடமாட்டம் உள்ள ஊர்த் தெருவில் நடப்பவரையும் சைக்கிளையும் ஒரே பாதையில் விடுவதை, வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள் என்கிறது.

கோட்டுக்கு நேர் எதிர்த் துருவத்தில் நிற்பது கோயில் கமிட்டியில் சிலர் சொன்ன யோசனை: "சைக்கிளை இறங்கித் தள்ளிச் செல்லவும்" என்று பலகை, இரண்டு முனையிலும் இரும்புக் குழாய். கேட்கும்போது கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் யார் இறங்குவார்கள்? முக்கால் மணி நேரம் முன்னாடியே எழுந்து ஷிஃப்டுக்குப் போகிறவர் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடப்பாரா? எட்டு வயதுப் பையன் இறங்குவானா? யாரும் மதிக்காத பலகை ஒன்று வந்தால், அதன் பக்கத்தில் இருக்கிற மற்ற பலகைகளுக்கும் மதிப்புப் போகும்.

குழாய் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் குழாய் மேல் ஒரு நம்பிக்கை. அது வேண்டும் என்று கேட்பதே கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள்களை நிறுத்தத்தான். பாதையில் அம்மாக்களை மிரட்டுவதில் முதல் இடம் கப்சாய்க்குத்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கப்சாயின் ஹேண்டல் அகலமும் மௌண்டன் சைக்கிளின் ஹேண்டல் அகலமும் ஏறக்குறைய ஒன்று. சைக்கிள் நுழைகிற இடைவெளியில் கப்சாய் நுழையும். கப்சாய் நுழையாதபடி இடுக்கினால் என்ன ஆகும்? நாலாவது வரிசை வீட்டுத் தாத்தாவின் சக்கர நாற்காலி நுழையாது, இரட்டைக் குழந்தை வண்டி நுழையாது, கோயிலுக்குப் பூக்கூடை கட்டிக்கொண்டு வரும் மூன்று சக்கர வண்டி நுழையாது. மோட்டார்க்காரப் பையன் மட்டும் வேலியில் எங்கே ஓட்டை என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவான். தாமான் பக்கத்து நுழைவில் முன்பே ஒரு குழாய் நட்டிருந்தார்கள், நினைவிருக்கும். இப்போது அங்கே குழி மட்டும் இருக்கிறது. பழைய இரும்புக்காரருக்கு நல்லது.

நேரம் பிரிக்கும் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காலை ஏழு வரை நடப்பவர்களுக்கு, அப்புறம் சைக்கிளுக்கு என்றார் ஒருவர். நடை, பள்ளி, ஷிஃப்ட் மூன்றும் ஒரே முக்கால் மணி நேரத்தில்தான் நடக்கின்றன. பிரிக்க அங்கே நேரமே இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் ஏன் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியும் தாண்டியும்தான் எழும்புகிறது. பள்ளி மணியோ ஏழரைக்கு. அம்மா சொல்வார், முன்பு பால்மரத்துக்குப் போகும்போது இருட்டு, ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது வெளிச்சம் என்று. இப்போது எல்லோருக்கும் ஒரே இருட்டு. பாதையில் மொத்தம் ஆறு விளக்குக் கம்பம். நான் அளந்த அன்று எரிந்தது இரண்டு. அம்மாவை இடித்த இடத்தில் எரியவில்லை. கூட்டத்தில் ஒருவரும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மரியாதை பற்றி அரைமணி நேரம் பேசினோம்.

அடுத்தது வேகம். இதில்தான் என் கட்சி வருகிறது. சைக்கிள், நடப்பவர் என்று இரண்டு சாதியாக இந்தப் பாதையைப் பார்ப்பதே தவறு என்று நினைக்கிறேன். அம்மா நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பார். பள்ளிப் பிள்ளை சைக்கிளில் மூன்று மீட்டர். ஷிஃப்டுக்குப் போகிறவர் நாலு, நாலரை. ஞாயிற்றுக்கிழமை கேரித்தீவுப் பக்கம் போவதற்குக் கிள்ளானிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் வரும், இறுக்கமான லைக்ரா உடை போட்ட சைக்கிள் கூட்டம், பெரிய சாலையில் ஒரு வளைவைத் தவிர்க்க நம் பாதைக்குள் புகுந்து, நொடிக்கு எட்டு மீட்டரில் போகிறது. எதிரே ஆள் என்று கண்ணுக்குத் தெரிந்து கை பிரேக்குக்குப் போவதற்குள் எட்டு மீட்டர் போய்விட்டது. வேகம் இரண்டு மடங்கானால் இடியின் வலு நாலு மடங்காகும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். எட்டு வயதுப் பிள்ளையின் சைக்கிளை லைக்ரா அண்ணன்மாரோடு ஒரே பக்கம் தள்ளி, அதற்குச் "சைக்கிள் பக்கம்" என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளை அம்மாவோடு சேர வேண்டிய ஆள்.

ஜப்பானில் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். சைக்கிளின் இடம் சாலை. ஆனால் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் 70 வயது ஆனவர்களும் நடைபாதையில் மெதுவாக ஓட்டலாம். நம் ஊருக்கு இது பாதி பொருந்தும். பாதிதான், ஏனென்றால் நம் சாலை என்பது செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓடும் சாலை. ஷிஃப்ட் தம்பியை இருட்டில் அதில் இறக்கிவிட்டு நாம் பாதையில் நிம்மதியாக நடக்க முடியாது. லைக்ரா கூட்டத்தை இறக்கலாம். அவர்கள் பத்து இருபது பேராக வருகிறார்கள், விளக்கு எரிகிறது, பின்னால் ஒரு கார்கூட வருகிறது, வருவதும் விடிந்த பிறகு. வந்த வழியெல்லாம் சாலையில்தானே வந்தார்கள்.

"சிங்கப்பூரில் சட்டம் போட்டால் கேட்கிறார்களே" என்று அங்கே வேலை செய்கிற நம் பையன்கள் சொல்வார்கள். அங்கே நடந்ததை முழுதாகப் பார்த்தால் வேறு பாடம் கிடைக்கும். நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் மின் ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்தே விலக்கினார்கள். 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கிற இடத்தில் நடைபாதை நடப்பவருக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஆக, ஆள் வைத்துப் பிடித்து, அபராதம் போட்டு, அத்தனையும் செய்கிற ஊரே கடைசியில் வந்து சேர்ந்தது தனித்தனிப் பாதைக்கு. நம் மன்றத்தில் பாதையில் வேகம் அளக்க யார் நிற்கப் போகிறார்கள்? மின் ஸ்கூட்டருக்கு நம் நாட்டிலும் 2021-லேயே சாலையில் தடை வந்துவிட்டது. நேற்று மாலைகூட ஒன்று என்னைத் தாண்டிப் போனது.

அதனால் வேகத்தைப் பலகையில் எழுதுவதைவிட, வேகமாகப் போக முடியாதபடி செய்வதுதான் வழி. போங்கோல், அதாவது வேகத்தடை, போடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நாலு சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி கூர்மையான போங்கோல் வேண்டாம். அது சைக்கிளைக் கவிழ்க்கும், தாத்தாவின் சக்கர நாற்காலியையும் உலுக்கும். பள்ளி வளைவுக்கு முன்னால் ஐந்தாறு மீட்டருக்குத் தரையைச் சற்றே உயர்த்தி, செங்கல் நிறத்தில் சொரசொரப்பாக விட்டால் மிதிப்பவரின் கால் தானாகத் தளரும். பெல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெல் அடிப்பது திமிர் என்று நம் ஆட்களுக்கு ஓர் எண்ணம். மணி கேட்டால், "எங்களை ஓரம் போகச் சொல்றியா?" என்று அண்ணிமார் முறைக்கிறார்கள். என் அக்கா மகன் ஒருநாள் மூன்று பேர் கைகோத்து நடந்த வரிசையைப் பார்த்து, பெல் அடிக்கக் கூச்சப்பட்டு ஒதுங்கப் போய் லோங்காங்கில் இறங்கிவிட்டான். சைக்கிளோடு. அவனைத் தூக்கிவிட்டவர்களும் அதே மூன்று பேர்தான். "பெல் அடிச்சா என்னா லா தம்பி?" என்று அவனைத்தான் திட்டினார்கள்.

இனி மிச்சமிருப்பது இரண்டு தனிப் பாதை. கேட்டதும் "காசு?" என்பார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கேட்டால் நடக்காது, நியாயமும் இல்லை. மோதல் எல்லா இடத்திலும் இல்லையே! செம்பனை ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் வரை ஆள் குறைவு, கண்ணுக்கு நேராகத் தெரியும், அங்கே 2.4 மீட்டர் போதும். இடி, முறைப்பு, வசவு எல்லாம் கோயில் வாசலிலிருந்து பள்ளி வளைவு வரை. அடி வைத்து எண்ணிப் பார்த்தேன், முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த இடத்தில் வேலியைத் தள்ள முடியாது, அப்பால் பள்ளி நிலம். ஆனால் இந்தப் பக்கம் லோங்காங் இருக்கிறது. அதன் வாய் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதை ஸ்லாப் போட்டு மூடினால் நடப்பவர்களுக்கு, சற்று மேடாக, தனி இடம் கிடைக்கும். சைக்கிளுக்குப் பழைய தார். இடையில் கோடு தேவையில்லை, மேடே கோடு. இருட்டிலும் மழையிலும் கண் தெரியாதவருக்கும் காலுக்குத் தெரியும் கோடு.

அதிலும் குறை உண்டு. ஒரு மீட்டரில் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான். அண்ணிமாரின் மூவர் வரிசை கலையும். அவர்கள் தாருக்கு இறங்குவார்கள் என்றே நினைக்கிறேன். மூடிய லோங்காங்கைச் சுத்தம் செய்வது சிரமம். ஸ்லாப்பைத் தூக்க வழி வைக்காவிட்டால் தண்ணீர் தேங்கி டெங்கிக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். இரும்புக் கம்பி மூடி வைத்தால் அது குழாய் போன வழியே போகும். கான்கிரீட் ஸ்லாப்தான் சரி. கடைசியாக, லோங்காங் யார் கையில் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மன்றத்துடையது என்றால் ஒரு கடிதம். ஜே.பி.எஸ்., அதாவது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வாய்க்கால் என்றால் இரண்டு அலுவலகம், குறைந்தது ஒரு மழைக்காலம்.

வெளிநாட்டு உதாரணம் நிறையச் சொல்லிவிட்டேன், நம் நாட்டிலிருந்தும் ஒன்று. ஃபெடரல் ஹைவேயில் மோட்டாருக்கென்று தனி வழி 1970-களிலேயே போட்டவர்கள் நாம். காரோட்டிக்கும் மோட்டாரோட்டிக்கும் மரியாதை வகுப்பு எடுத்துவிட்டு ஒரே சாலையில் விடவில்லை. வேகமும் எடையும் வேறு, அதனால் வழியும் வேறு என்று கட்டினார்கள்.

என் ஓட்டு இப்படி. பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் ஆறு விளக்கும் எரிய வேண்டும், பள்ளி வளைவில் புல் வெட்டி 2.4 மீட்டர் திரும்ப வேண்டும், அதன்பின் சொரசொரப்புத் தரை. கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் முந்நூறு மீட்டர் ஸ்லாப். ஞாயிறு கூட்டத்தோடு ஒருவர் போய்ப் பேச வேண்டும். அவர்கள் டீ குடிக்க நிற்கும் கடை நமக்குத் தெரியும், கடிதம் தேவையில்லை, ஒரு தே தாரிக் போதும். கப்சாய்க்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஸ்லாப்பின் மேட்டில் ஏற மாட்டான், தாரில் வருவான். குறைந்தது அம்மா நிற்கும் இடத்தில் வர மாட்டான். கோட்டுக்கு மட்டும் நான் கை தூக்க மாட்டேன், இலவசமாகப் போட்டுத் தந்தாலும். இன்னொன்றும் உண்டு: கோடு போட்டாயிற்று என்றால் மன்றத்தின் கணக்கில் பாதை வேலை முடிந்தது. அடுத்த பத்து வருடத்துக்கு நாம் ஸ்லாப் என்று வாயைத் திறக்க முடியாது.

ஷிஃப்ட் தம்பிகளுக்கு விளக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று அம்மா சொல்கிறார். சைக்கிள் கடையில் சிவப்பு விளக்கும் பெல்லும் சேர்த்து என்ன விலை என்று கேட்டு வைத்திருக்கிறேன். நம் தாமான் வழியாகப் போகிறவர்கள் இருபது பேருக்குள்தான். இதற்கு மன்றத்தின் ஒதுக்கீடு தேவையில்லை, உண்டியல் குலுக்கினால் போதும். அம்மாவை இடித்தவருக்கு அம்மாவே ஒன்று வாங்கிக் கட்டிவிட்டார், தன் காசில்.

கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு, பாலாய் ராயா பொதுமண்டபத்தில். ஏழு மணிக்கே பள்ளி வளைவுக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள், இருட்டத் தொடங்கும்போது அளந்துவிட்டே போகலாம். டேப் நான் கொண்டுவருகிறேன். டார்ச்லைட் யாராவது எடுத்து வாருங்கள்.